சாஞ்ச கல்லு நிழல்

மத்தியானம் சாப்பிட்டதும் கொஞ்ச நேரம் கட்டையைச் சாய்க்கலைன்னா எனக்கு இப்பல்லாம் சாயந்திரம் ஒரு வேலையும் ஓடறதில்லை. உங்களுக்கும் அப்படித்தான்னு தெரியும். வேங்கிக்கால்ல கலெக்டர் ஆபீஸ் பக்கத்து கிரவுண்டுல நடக்கிறதா பேரு பண்ணிட்டு நாம பெஞ்சுல உக்காந்து பேசறோமே, அதுல பாதிப் பேச்சு தூக்கத்தைப் பத்தித்தான். ராத்திரி வரமாட்டேங்குது, பகல்ல விடமாட்டேங்குது. போன வாரம் நம்மள்ல ஒருத்தி கேட்டா, "பட்டப்பகல்ல கால நீட்டிப் படுக்க உனக்குக் கூச்சமா இல்லியா?"னு. சிரிச்சிட்டு விட்டுட்டேன். வீட்டுக்கு வந்தப்புறம் சிரிப்பு வரலை. பகல்ல தூங்கினதுக்காக எங்க வீட்ல ஒருத்தங்க பட்ட பாட்டை உங்களுக்கு நான் சொன்னதே இல்லை. இப்போ சொல்றேன். எனக்கு அலுப்பா இருக்கு, முன்ன பின்ன ஆனா பொறுத்துக்கங்க.

எங்க ஊரு கீழ்பென்னாத்தூர்ல இறங்கி உள்ளே போகணும். இப்போ ஷேர் ஆட்டோ போகுது, அப்போ நடைதான். எங்க கொல்லையில நின்னு பார்த்தா தூரத்துல அண்ணாமலை நீலமா தெரியும். கொல்லைன்னா எங்க பக்கத்துல வீட்டுக்குப் பின்னாடி இருக்கிறது இல்லை, மேட்டு நிலம். மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, போடுவோம். அந்தக் கொல்லையோட கோடியில, ஏர் படாத கரம்புல, அந்தக் கல்லுங்க நின்னுச்சு.

கல்லுன்னதும் மைல்கல்லு, எல்லைக்கல்லுன்னு நினைச்சுக்காதீங்க. ஒரு ஆள் தோள் மேல இன்னொரு ஆள் ஏறி நின்னாலும் உச்சி எட்டாது. பலகையாட்டம் சப்பையா, கதவு மாதிரி அகலமா, வட்டம் கட்டி நின்னுச்சுங்க. தானா மொளைச்ச பாறை இல்லை, யாரோ எப்பவோ தூக்கிட்டு வந்து நட்டது. மழையிலயும் வெயில்லயும் மேலெல்லாம் கறுத்து, பாசி காஞ்சு வெள்ளை வெள்ளையா திட்டு விழுந்திருக்கும். ரெண்டொண்ணு கீழ விழுந்து கிடந்துச்சு. ஒண்ணே ஒண்ணு மட்டும் விழவும் இல்லாம நிக்கவும் இல்லாம ஒரு பக்கமா சாஞ்சு இருந்துச்சு. அதைத்தான் சாஞ்ச கல்லுன்னு சொல்லுவோம்.

படிச்சவங்க இப்போ அதைப் பெருங்கற்காலம்ங்கறாங்க. செத்தவங்களைப் புதைச்சு மேல நட்ட கல்லாம். எங்களுக்கு அது குள்ளருங்க கல்லு. ஒரு காலத்துல முழங்கால் ஒசரத்துல மனுஷங்க இருந்தாங்களாம், நெருப்பு மழை பேஞ்சப்போ அந்தக் கல்லுக்கு நடுவுல பூந்துக்கிட்டாங்களாம், வெந்து போனாங்களாம். அவங்க ஆவி இன்னும் அங்கேதான் சுத்துதாம். முழங்கால் ஒசரத்து ஆளு இத்தாம் பெரிய கல்லை எப்படித் தூக்கினான்னு சித்தப்பாவைக் கேட்டேன். "அப்பல்லாம் கல்லு லேசா இருந்துச்சு"ன்னாரு. அதுக்கு மேல அந்த வீட்ல யாரும் யோசிச்சது இல்லை. ஆடு மாடு கூட அந்தப் பக்கம் ஓட்ட மாட்டாங்க. எங்கப்பா உழறப்போ கல்லுக்கு நாலஞ்சு சால் முன்னாடியே மாட்டைத் திருப்பிடுவாரு.

அப்பாவைப் பெத்தவங்க ரெண்டு பேரும் நான் பொறக்கறதுக்கு முன்னாடியே போய்ட்டாங்க. அதனால வீட்டுச் சாவி எங்கம்மா இடுப்புல. அப்பாவும் சித்தப்பாவும் ஒண்ணா இருந்தாங்க, ஒரே அடுப்பு. சித்தப்பா பொண்டாட்டியை நான் சின்னம்மான்னு கூப்பிடுவேன். அவங்களைப் பத்தித்தான் சொல்ல வந்தேன்.

சின்னம்மா பொறந்தது அடி அண்ணாமலையில, கிரிவலப் பாதை மேலேயே வீடு. இந்தக் கூட்டம் அப்போ ஏது. பௌர்ணமிக்கும் தீபத்துக்கும் நடக்கிறவங்க, சாமியாருங்க, அவ்வளவுதான். வழி நெடுக கல்லு மண்டபம் இருக்குமே, அதுல எந்நேரமும் யாராவது துண்டை விரிச்சுப் படுத்திருப்பாங்களாம். இவங்க சின்னப் பொண்ணா இருக்கிறப்போ ஆடு மேய்ச்சுட்டு வந்து அந்த மண்டபத்துலதான் படுப்பாங்களாம். "தூங்கறவங்களை எங்க ஊர்ல எழுப்ப மாட்டாங்க கண்ணு. யாரு இன்னா அலுப்புல வந்து படுத்தாங்களோன்னு ஓரமா போயிடுவாங்க"ன்னு எங்கிட்ட சொல்லியிருக்காங்க. அப்படிப்பட்ட ஊர்ல இருந்து எங்க வீட்டுக்கு வந்து சேர்ந்தாங்க, பாவம்.

எங்க வீட்ல கோழி கூவறதுக்கு முன்னாடி எழுந்திருக்கணும். சாணி அள்ளி, வாசத் தெளிச்சு, பால் கறந்து, கூழ் காய்ச்சி, ஆளுங்களுக்குத் தூக்கிட்டுப் போய் ஊத்தி, அங்கேயே அவங்களோட சேர்ந்து வேலை செஞ்சு, திரும்ப வந்து ராத்திரி சோத்துக்கு அடுப்பு மூட்டணும். எங்கம்மாவும் சும்மா இருந்தவங்க இல்லை. ஆனா வேலை வாங்கறவங்களுக்கும் செய்யறவங்களுக்கும் வித்தியாசம் இருக்கில்ல. சின்னம்மாவுக்குக் கல்யாணமாகி ரெண்டு தடவை தங்காம கலைஞ்சு போச்சு. கலைஞ்சப்போ கூட ரெண்டொரு நாள்தான் படுத்தாங்க. அப்புறம் கூழ்ச்சட்டியைத் தூக்கிட்டுக் கெளம்பிட்டாங்க. "குத்துக்கல்லாட்டம் உக்காந்துகினு இருந்தா ஆச்சா? எழுந்து நடமாடினா ஒடம்பு தானா தேறும்"னு அம்மா சொல்லுவாங்க. கெட்ட எண்ணத்துல சொன்னதில்லை. அவங்களுக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்காங்க.

அந்தச் சித்திரையில எனக்குப் பள்ளிக்கூடம் லீவு. மல்லாட்டை பிடுங்கற சமயம். செடியோட பிடுங்கிக் குவிச்சுப் போட்டுட்டு, பொம்பளைங்க வரிசையா உக்காந்து காயை ஆய்வாங்க. ஈர மண்ணு வாசனையும் பச்சைக் காயோட பால் வாசனையும் சேர்ந்து மூக்குல ஏறும். நகக்கண்ணுல மண்ணு ஏறிக்கிட்டு எத்தனை கழுவினாலும் போகாது. வெயிலைக் கேக்கவே வேணாம். சித்திரை உச்சிவெயில்ல நட்டுக்குத்தா நிக்கிற எதுக்கும் நிழலே இருக்காது, கால்ல சுருண்டுக்கும். அந்தப் பெரிய கல்லுங்களுக்கே அந்த நேரத்துல நிழல் இல்லை. சாஞ்ச கல்லுக்கு மட்டும்தான் அடியில நிழல் இருந்துச்சு.

ஒரு நாள் சின்னம்மா கூழ் ஊத்திட்டு, ஒதுங்கிட்டு வரேன்னு போனாங்க. நானும் பின்னாடியே போனேன். கல்லாண்ட போறதைப் பார்த்ததும் நான் எட்டவே நின்னுட்டேன். ஆனா அவங்க வீட்டுக்குள்ள போற மாதிரி சாதாரணமா குனிஞ்சு உள்ள போய்ட்டாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு எட்டிப் பார்த்தேன். முந்தானையை மூஞ்சி மேல போட்டுக்கிட்டு, முட்டியை மடக்கி, குறட்டை விட்டுக்கிட்டுத் தூங்கறாங்க. அப்படி ஒரு தூக்கத்தை நான் பார்த்ததே இல்லை. நானும் உள்ள போய் உக்காந்தேன். கல்லோட அடிப்பக்கம் கையை வெச்சா பானைத் தண்ணி மாதிரி ஜில்லுனு இருந்துச்சு. வெளியில மண்ணு கொதிக்குது, உள்ள காத்து சத்தம் கூட கம்மி. யாரும் வரமாட்டாங்க, யாரும் கூப்பிட மாட்டாங்க. ஊரே பயந்த எடம்கிறதாலதான் அவங்களுக்கு அங்க நிம்மதி.

கண்ணு முழிச்சதும் என்னைப் பார்த்து திடுக்குன்னு எழுந்தாங்க. நான்தான்னு தெரிஞ்சதும் மூச்சு விட்டாங்க. "யாராண்டயும் சொல்லாத கண்ணு. ரெண்டே நிமிஷம்தான். கண்ணு சொருகிட்டு வருது, நிக்க முடியலை"ன்னாங்க. பேசிக்கிட்டே கல்லு அடியில இருந்து மண்ணுக் கட்டி ஒண்ணை எடுத்து வாயில போட்டுக்கிட்டாங்க. கற்கண்டு மாதிரி சப்பறாங்க. எனக்கும் ஒண்ணு கேட்டேன், கையைத் தட்டிவிட்டுட்டாங்க. சிரிச்சப்போ நாக்கு தெரிஞ்சுது. வெள்ளையா, சுண்ணாம்பு பூசின மாதிரி இருந்துச்சு.

அதுக்கப்புறம் தினமும் நான் காவல். அவங்க தூங்குவாங்க, நான் ஓணானை எண்ணிக்கிட்டு உக்காந்திருப்பேன். எனக்கு அந்தக் கல்லு பயமே போயிடுச்சு.

ஒரு நாள் நான் போகலை, மாமா ஊட்ல இருந்து யாரோ வந்திருந்தாங்கன்னு வீட்லயே இருந்துட்டேன். அன்னிக்கின்னு பார்த்து சின்னம்மா அசந்துட்டாங்க. ஆளுங்களுக்குத் தண்ணி கொண்டுவர ஆளைக் காணோம். அம்மா கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துட்டு சித்தப்பாவை அனுப்பினாங்க. அவரு கொல்லை பூராவும் தேடிட்டு, கல்லு ஓரமா சிவப்புப் புடவை தெரியுதேன்னு நின்னுட்டாரு. கிட்டப் போகலை, எட்ட நின்னே கத்தியிருக்காரு. சின்னம்மா அடிச்சுப் பிடிச்சு எழுந்து வெளியில வந்தாங்களாம். தலை அவுந்து, வாயோரம் மண்ணு, எங்க இருக்கோம்னே தெரியாம மலங்க மலங்க முழிச்சிருக்காங்க. எங்க சித்தப்பா பாம்பைக் கையால பிடிக்கிறவரு. பொண்டாட்டியைப் பார்த்துட்டு அன்னிக்கு ஓடியே வந்துட்டாரு.

சாயந்திரம் வீட்ல பஞ்சாயத்து. சின்னம்மா மூலையில உக்காந்திருந்தாங்க. மண்ணு தின்னிருக்கா, குள்ளன் பிடிச்சுக்கினான், அதான் ரெண்டும் தங்கலைன்னு அம்மா ஒவ்வொண்ணா கோத்துக்கிட்டே போனாங்க. எனக்குப் பொறுக்கலை.

"சின்னம்மா தூங்கத்தாம்மா போனாங்க. தினமும் தூங்குவாங்க. நான் கூடவே இருந்தேன்"னு சொல்லிட்டேன்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. "பட்டப்பகல்ல பொம்பளை எதுக்குடி தூங்கப்போறா?"

அதட்டலை, கோவமும் இல்லை. நெஜமாவே அவங்களுக்குப் புரியலை. எங்கம்மா அதுவரைக்கும் பகல்ல தூங்கினதே இல்லை, தூங்கின பொம்பளையைப் பார்த்ததும் இல்லை. குள்ளன் வந்து பிடிப்பான்னா நம்புவாங்க, வீட்டு மருமக அலுத்துப்போய் படுத்தான்னா நம்ப முடியலை. எனக்கு இந்த வயசுலயும் அதை நினைச்சா கோவம் வருது. யாரு மேல கோவப்படறதுன்னுதான் தெரியலை.

அப்பா மட்டும் மெதுவா இழுத்தாரு. "கொழந்தை சொல்றாளே. எதுக்கும் பெரியாஸ்பத்திரிக்கு இட்டுனு போய் காட்டலாமா?"

"மண்ணு திங்கறதுக்கு டாக்டரு இன்னா பண்ணுவாரு?"ன்னாங்க அம்மா. அப்பா எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்ட்டாரு. அவரு சுபாவம் அது.

நான் பின்னால நர்ஸா வேலைக்குப் போனது உங்களுக்குத் தெரியும். வேலையில இருந்த காலம் பூராவும் கர்ப்பிணிப் பொம்பளைங்க கண்ணு எமையைக் கீழ இழுத்துப் பார்த்ததுதான் என் பொழப்பு. உள்ள வெளுத்திருந்தா ரத்தம் கம்மி. ரத்தம் கம்மின்னா தூக்கம் தூக்கமா வரும், மேல்மூச்சு வாங்கும், மண்ணு, சாம்பல், பச்சரிசின்னு எதையாவது தின்னத் தோணும். மொத மாசத்துப் பாடம் இது. டாக்டர் இன்னா பண்ணுவாருன்னு கேட்டாங்களே, ஒரு டப்பா மாத்திரை கொடுத்திருப்பாரு.

அமாவாசை அன்னிக்குக் காலையில பூசாரி வந்தாரு. பக்கத்து ஊர்க்காரர், பயங்கரமா எல்லாம் இருக்க மாட்டாரு. மெலிஞ்ச ஆளு, குரல் மெதுவா இருக்கும், வெத்தலை போட்டுக்கிட்டே பேசுவாரு. வாசல்ல கோலம் போட்டு சின்னம்மாவை நடுவுல உக்கார வெச்சாங்க. மஞ்சத் தண்ணியை ஊத்தி, தலையை அவுத்துவிட்டு, பம்பையை அடிச்சாங்க. தெரு ஜனம் மொத்தமும் கூடிடுச்சு. வேப்பிலையால அடிக்க அடிக்க அவங்க தலை அப்படியும் இப்படியும் ஆடுச்சு. ஆட்டம் வந்துடுச்சுன்னாங்க. எனக்கு அது மயக்கமா தெரிஞ்சுது.

"உனுக்கு இன்னா வேணும்? கோழி வேணுமா, புடவை வேணுமா? எதைக் கொடுத்தா இந்தப் பொண்ணை விட்டுட்டுப் போவே?"னு பூசாரி கேட்டாரு.

எல்லாரும் காதைத் தீட்டிக்கிட்டு நின்னாங்க. சின்னம்மா ரெண்டு கையையும் தரையில ஊணிக்கிட்டாங்க. அப்புறம், "கொஞ்ச நேரம் படுத்துக்கறேன். விடுங்க"ன்னாங்க.

பேய் பேசற குரல்ல இல்லை, தெனமும் எங்கிட்ட பேசற அதே குரல். பூசாரி தலையை ஆட்டினாரு. "அது தன் எடத்தை விட்டு வரமாட்டேங்குது. அந்தக் கல்லு இருக்கிற வரைக்கும் இவளைக் கூப்பிட்டுனே இருக்கும். கல்லை எடுத்துடுங்க"ன்னாரு. எங்கம்மா கையெடுத்துக் கும்பிட்டாங்க.

கல்லு உடைக்கிறவங்க வந்தாங்க. அத்தாம் பெரிய கல்லை சும்மா அடிச்சா உடையாது. அடியில சுத்தி விறகு அடுக்கித் தீ மூட்டி, நல்லா சூடேறினதும் ஆப்பு வெச்சு சம்மட்டியால அடிச்சாங்க. நாள் கணக்கா அந்த வேலை நடந்துச்சு. அவங்களுக்கு யாரு கூழ் தூக்கிட்டுப் போனதுன்னு நினைக்கிறீங்க? சின்னம்மாதான். வீட்டுக் கொல்லையில வேலை செய்யற ஆளுங்களுக்கு வீட்டு மருமகதானே ஊத்தணும். மொட்டை வெயில்ல நின்னு ஒவ்வொருத்தரா ஊத்திட்டு, கல்லையே பார்த்துக்கிட்டு நின்னாங்க. "முழுசா எடுத்துடுவாங்களா?"ன்னு எங்கிட்ட கேட்டாங்க. "ஆமா"ன்னேன். "ஓரமா ஒரு துண்டு விட்டாக்கூட போதும்"னாங்க. அதை நான் யாருகிட்ட போய் சொல்றது? ஒரு தடவை உண்மையைச் சொல்லிப் பார்த்தாச்சே.

கல்லு பிளந்தப்போ ஊர் வரைக்கும் கேட்டுச்சாம். அடியில தோண்டினாங்க. குள்ளன் எலும்பு இருக்கும்னு ஊரே வேடிக்கை பார்க்க வந்துச்சு. எலும்புத் துண்டு கொஞ்சம், துருப்பிடிச்ச இரும்பு ஒண்ணு, அப்புறம் பானைங்க. அந்தப் பானைங்களை இன்னிக்கும் என்னால சொல்ல முடியும். உள்பக்கம் கன்னங்கரேல்னு, வெளியில அடிப்பக்கம் சிவப்பா, தடவினா கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்கும். பூராவும் நொறுங்கிப் போச்சு, உள்ளங்கை அளவுக்கு ஒரு கிண்ணம் மட்டும் முழுசா கிடைச்சுது. நான் பாவாடையில மறைச்சுக் கொண்டாந்து புளிப்பானைக்குப் பின்னாடி வெச்சேன். அம்மா கண்டுபிடிச்சு அதைக் கிணத்துல எறிஞ்சாங்க. கிணறு இப்போ தூர்ந்து போச்சு. கிண்ணம் அங்கேதான் இருக்கணும்.

பூசாரி சடங்கை முடிக்க ஒரு வெள்ளிக்கிழமை வந்தாரு. எங்க பக்கத்துல பேய் ஓட்டறப்போ ஒரு வழக்கம் உண்டு. பிடிச்சவங்க தலை மேல ஒரு கல்லைத் தூக்கி வெச்சு, புளியமரம் வரைக்கும் நடக்க விடுவாங்க. மரத்தடியில கல்லைத் தொப்புனு போட்டா பேய் அதோட இறங்கிடும். சின்னம்மாவுக்கு அந்தச் சாஞ்ச கல்லோட துண்டையே தூக்கி வெச்சாங்க. நல்ல கனம். ஏரிக்கரை புளியமரம் வரைக்கும் ஈரப் புடவையோட, பம்பைச் சத்தத்துக்கு நடுவுல நடந்தாங்க. கழுத்து நரம்பு புடைச்சுக்கிட்டு, கண்ணு பாதி மூடி வந்தாங்க. சித்தப்பா கூடவே வந்தாரு, கையை மட்டும் நீட்டலை. தொடக்கூடாதுன்னு பூசாரி சொல்லியிருந்தாரு.

போடு, போடுன்னு எல்லாரும் கத்தறாங்க. அவங்க போடலை. மெதுவா குந்தி, கொழந்தையை இறக்கற மாதிரி கல்லை இறக்கி வெச்சுட்டு, அது மேல கன்னத்தை வெச்சு அப்படியே சாஞ்சுட்டாங்க. நாலு பேரா தூக்கினாங்க. உச்சி மயிர் ஒரு கொத்தை மரத்துல வெச்சு ஆணி அடிச்சு, போயிடுச்சுன்னு சொன்னாரு பூசாரி. அம்மா கண்ணுல தண்ணி வந்துடுச்சு. நெஜமான சந்தோஷம். வந்த ஜனத்துக்கெல்லாம் அன்னிக்குச் சோறு போட்டோம். ஆக்கினது யாருன்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதுலேர்ந்து சின்னம்மா தூங்கறதில்லை. தூங்க விடலைன்னு சொல்லணும். மல்லாட்டை ஆயறப்போ தலை கொஞ்சம் தொங்கினா போதும், திரும்ப வந்துடுச்சோன்னு அம்மா வேப்பிலையோட ஓடி வருவாங்க. மூஞ்சியில தண்ணியைத் தெளிச்சு, பேரைக் கேட்டு, புருஷன் பேரைக் கேட்டு, எல்லாம் சரியா சொன்னாத்தான் விடுவாங்க. சின்னம்மா கண்ணை அகலமா திறந்து வெச்சுக்கப் பழகிக்கிட்டாங்க. குணமாயிடுச்சுன்னு ஊரே சொல்லிச்சு.

அப்புறம்தான் வாந்தி எடுத்தாங்க. அந்தக் கார்த்திகையில தீபத்துக்கு ரெண்டு நாள் இருக்கிறப்போ ஆம்பளைப் பிள்ளை பொறந்துச்சு. எலிக்குஞ்சு மாதிரி இருந்தான், சின்னம்மாவுக்கு ரத்தம் நிக்காம போயி ரெண்டு பேரும் பிழைச்சதே பெரிய விஷயம். ஊரு அதைப் பார்க்கலை. கல்லை எடுத்தாங்க, வயிறு நிறைஞ்சுடுச்சுன்னு பேசிச்சு. கார்த்திகையில பொறக்கற பிள்ளை மாசியிலேயே வயித்துல தங்கியிருக்கணும். கல்லு உடைச்சது சித்திரையில. பிள்ளை பெத்த பொம்பளைங்க எத்தனை பேரு இருந்தாங்க அந்த ஊர்ல, ஒருத்திக்குக் கூட விரல் விட்டு எண்ணத் தோணலை. மசக்கை மயக்கத்துலயும் ரத்தமில்லாத அசதியிலயும் தூங்கினவங்களைப் பிடிச்சு, வயித்துப் பிள்ளையோட கல்லைத் தூக்க வெச்சிருக்கோம்.

அந்தப் பேச்சு சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் போச்சு. பிள்ளை இல்லாதவங்க தேடி வர ஆரம்பிச்சாங்க. ஒவ்வொரு வீட்டு மருமகளுக்காகவும் ஒவ்வொரு கல்லு. அப்பா வேணாம்னு சொல்லுவாரு, அம்மா, "நமக்கு நடந்த நல்லது மத்தவங்களுக்கும் நடக்கட்டுமே"ன்னுவாங்க. சிலருக்குப் பிள்ளை பொறந்துச்சு, சிலருக்கு இல்லை. பொறக்காதவங்க சரியான கல்லு இன்னும் உடைக்கலைன்னு சொல்லி இன்னொண்ணு உடைச்சாங்க. நான் பெரியவளாகறதுக்குள்ள வட்டமே காலி. எந்தக் காலத்து மனுஷங்களோ செத்தவங்களை நினைச்சு அத்தனை பாடுபட்டு நட்டது, வீட்டு வாசப்படியாவும் வேலிக் கம்பமாவும் போச்சு. பின்னாடி ஒரு காலேஜ் வாத்தியார் பசங்களைக் கூட்டிக்கிட்டு அதைத் தேடி வந்தாராம். அப்பா கொல்லைக் கோடியைக் காட்டியிருக்காரு. மல்லாட்டைச் செடி பூ வெச்சிருந்துச்சாம்.

சாஞ்ச கல்லோட பெரிய பலகை எங்க வீட்டுக்கே வந்துச்சு. பம்புசெட் தொட்டிக்குப் பக்கத்துல துவைக்கிற கல்லா போட்டாங்க. சின்னம்மா அத்தனை வருஷமும் அது மேலதான் எங்க எல்லார் துணியையும் அடிச்சுத் துவைச்சாங்க. லீவுக்குப் போறப்போ பார்ப்பேன்.

எங்கம்மா போய் ரொம்ப நாளாச்சு. கடைசியில படுக்கையில கிடந்தப்போ சின்னம்மாதான் எல்லாம் பார்த்தாங்க, முகம் சுளிக்கலை. அம்மா மேல அவங்களுக்குக் கோவமே கிடையாது. எனக்குத்தான் இருக்கு. சித்தப்பாவும் போன வருஷம் போய்ட்டாரு. பிள்ளை பெங்களூர்ல இருக்கான்.

இப்போ சின்னம்மாவுக்குக் கண்ணுல புரை. இங்க ஆபரேஷன் பண்ணிக்கட்டும்னு நான்தான் இட்டுனு வந்தேன். ஆஸ்பத்திரியில இருந்து வந்த மறுநாள், மத்தியானம் சாப்பாடு போட்டு, கட்டில்ல புதுப் பெட்ஷீட் விரிச்சு, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, ஃபேனைப் போட்டேன்.

"படுங்க சின்னம்மா."

"எனுக்குப் பகல்ல தூக்கம் வராதும்மா. பழக்கமில்லை. அரிசி இருந்தா குடு, கல்லு பொறுக்கறேன்."

"கட்டு போட்ட கண்ணை வெச்சுக்கிட்டு கல்லு பொறுக்குவீங்களா? படுங்க"ன்னு அதட்டித்தான் படுக்க வெச்சேன். விறைப்பா, கையைக் காலோட ஒட்டி வெச்சுக்கிட்டுப் படுத்தாங்க. நான் சமையல்கட்டுல பாத்திரம் ஒழிச்சுப் போட்டுட்டு இருந்தேன். கொஞ்ச நேரத்துல சின்னதா குறட்டை கேட்டுச்சு. அப்பாடான்னு இருந்துச்சு. அந்தச் சந்தோஷத்துல கை தவறி ஒரு மூடி கீழ விழுந்து உருண்டுது.

ஓடி வந்து பார்த்தேன். கட்டில்ல எழுந்து உக்காந்திருக்காங்க. கை தன்னால தலைமுடியை அள்ளிச் சொருகுது. கட்டுப் போடாத கண்ணை முடிஞ்ச மட்டும் அகலமா திறந்து வெச்சுக்கிட்டு, நான் நின்ன பக்கம் பார்த்துச் சொன்னாங்க.

"தூங்கலைக்கா. சும்மா கண்ணை மூடினேன்."

எங்கம்மாகிட்ட சொல்றாங்க. நான் அம்மா ஜாடைன்னு எல்லாரும் சொல்லுவாங்க, திரை போட்ட இருட்டுல அப்படித் தெரிஞ்சிருக்கணும். நான் அக்கா இல்லை, அக்கா செத்துப் போய் எத்தனையோ வருஷமாச்சுன்னு சொல்லலாம்னு வாயைத் திறந்தேன். சொல்லலை. கிட்டப் போய், எங்கம்மா கூப்பிடற மாதிரியே கூப்பிட்டேன்.

"தூங்கு தங்கச்சி. வேலையை நான் பார்த்துக்கறேன்."

என்னையே பார்த்தாங்க.

"நெஜமாவாக்கா?"

"நெஜமாத்தான். படு."

மெதுவா சாஞ்சாங்க. முட்டியை மடக்கி ஒருக்களிச்சு, முந்தானையை இழுத்து மூஞ்சி மேல போட்டுக்கிட்டாங்க. வெளக்கு வைக்கிற நேரம் வந்துச்சு. அந்த நேரத்துல யாரும் படுத்திருக்கக் கூடாதுன்னு நம்ம எல்லார் வீட்லயும் சொல்லித்தான் வளர்த்தாங்க. நான் எழுப்பலை. சாமி வெளக்கைக் கூட ஏத்தாம, வாசக் கதவைச் சாத்திட்டு, யாராவது பெல்லை அடிச்சுடப் போறாங்களேன்னு கதவாண்டயே நாற்காலி போட்டு உக்காந்திருந்தேன். அன்னிக்கு கிரவுண்டுக்கு ஏன் வரலைன்னு கேக்க போன் பண்ணீங்களே, நான் எடுக்காததும் அதனாலதான்.